பாலத்துக்கு அக்கரையிலிருந்து வந்த குரல்

அக்கா,

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழைய டிரங்க் கால் அறையை இன்று காலி செய்தார்கள். நான் இப்போது கீழே புகார்ப் பிரிவில் இருக்கிறேன். மாடியில் ஒரு மேஜை விசிறி சும்மா கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அதை எடுத்துவரப் போனேன். போர்டுகளைப் பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள். அவை நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருந்தது. மூலையில் ஒரு சாக்கு, அதில் குப்பை மாதிரி ஹெட்செட்டுகள். ஒன்றை எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெயும் முகப் பவுடரும் வாடிய மல்லிகையும் சூடான ரப்பரும் கலந்த அந்த வாசனை அப்படியே இருந்தது. எத்தனை பெண்களின் தலையில் மாறி மாறி உட்கார்ந்த சாமான் அது. என்னை அறியாமல், "ஹலோ கடலூர்" என்று சொல்லிவிட்டேன்.

சாக்கைத் தூக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். "யார்கிட்ட மேடம் பேசுறீங்க? ஒயரே இல்லயே" என்றார்.

சிரித்துச் சமாளித்துவிட்டுக் கீழே வந்தேன். விசிறியை எடுக்க மறந்துபோனேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது அக்கா. இத்தனை நாளும் உங்களிடம் பேசாமல்தான் இருந்தேன். இன்றைக்குப் பேச வேண்டும் போல இருக்கிறது.

உங்களை நான் பார்ப்பதற்கு முன்பே எனக்கு உங்களைத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பாண்டிச்சேரியிலிருந்து கடலூருக்குப் பேச வேண்டுமென்றால் இங்கே பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் பிளக்கைச் செருகி உங்களைக் கூப்பிடுவேன். அந்தப் பக்கம் நீங்கள் எடுப்பீர்கள். எனக்கு நீங்கள் "கடலூர்", உங்களுக்கு நான் "பாண்டி". பேர் கேட்கவே பல மாதம் ஆனது, தெரிந்த பிறகும் நீங்கள் பாண்டியை விடவில்லை. நான்தான் கடலூரை அக்காவாக மாற்றிக்கொண்டேன்.

மத்தியான நேரத்தில் போன் கால்கள் குறைவு. சூப்பர்வைசர் அம்மா சாப்பிடப் போனதும் நீங்களே கூப்பிடுவீர்கள்.

"ஏண்டி பாண்டி, இன்னிக்கி என்ன கொழம்பு?"

"காரப்பொடி மீனுக்கா. உங்களுக்கு?"

"எங்கண்ணன் வீட்ல எனக்குன்னு தனியாவா வெக்கிறாங்க? அதே ரசந்தான்."

அதிலிருந்துதான் உங்கள் கதையைத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். நடுநடுவே யாராவது கால் கேட்டால் கதை அறுந்துவிடும். இணைப்பைக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வீர்கள். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே உங்களைக் கட்டிக்கொடுத்தார்கள். வேண்டாம் என்று நீங்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. சில வருடம் அடியும் பட்டினியுமாக இருந்துவிட்டு, மஞ்சக்குப்பத்தில் தையற்கடை வைத்திருந்த அண்ணன் வீட்டுக்குத் திரும்பினீர்கள். பிறகு படித்து இந்த வேலையை வாங்கினீர்கள். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போல, குரல் மாறாமல் சொல்வீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், கடலூரில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுச் சண்டை போடுவாரே, அவர் பேசி முடித்ததும் அந்தச் சண்டையை நீங்கள் இரண்டு குரலிலும் எனக்கு நடித்துக் காட்டுவீர்கள். யார் குரலையும் அப்படியே பிடித்துவிடுவீர்கள். என் குரலையும்கூட. நான் பேசுவதை நானே கேட்பது போல இருக்கும், கூச்சமாக இருக்கும்.

நம் இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கம்பிகள் சாலையோடு சாலையாகப் போய்ப் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி உங்கள் ஊருக்குள் நுழையும். காற்று பலமாக அடிக்கிற நாளில் என் குரல் ஆற்றில் நனைந்து வருகிறது என்பீர்கள். அப்படியும் நாம் பார்த்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு லீவு என்றால் எனக்கு டியூட்டி. எனக்கு லீவு என்றால் வீட்டில் அப்பா இருப்பார்.

அப்பாவைப் பற்றி உங்களிடம் நிறையக் குறை சொல்லியிருக்கிறேன். முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்திலேயே இருந்ததாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேச மாட்டார். அம்மா இறந்த பிறகு அதுவும் குறைந்தது. நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து "வந்துட்டியா?" என்பார். "வந்துட்டேம்பா" என்பேன். பல நாள் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

அவர்தான் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது, கடலூர் முதுநகரில் ஒரு பையனைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். இரும்புக் கடைக் குடும்பம். நல்ல மாதிரி. பெண் வேலைக்குப் போகக் கூடாது, அது ஒன்றுதான் அவர்கள் கேட்பது என்றார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் உங்களிடம் சொன்னேன். நீங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்து "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன். நீ என்ன சொன்ன?"

"நான் என்னக்கா சொல்றது?"

"உனக்குப் புடிச்சிருக்கா?"

அப்படி என்னை யாரும் கேட்கவில்லை அக்கா. அழுதுவிட்டேன். போர்டில் கால் கேட்டு விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. "மூக்க சிந்திட்டு கால எடு, அப்புறம் பேசலாம்" என்றீர்கள்.

அப்புறம் பேச நேரம் கிடைக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நிச்சயம் செய்யத் தேதி பேச வேண்டும் என்று அந்த மழையிலும் அப்பா கிளம்பினார். "மழ வுடட்டும்பா" என்றேன். "நல்ல காரியத்துக்கு மழ வந்தா என்ன" என்று குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் நான் போர்டில் இருக்கும்போது நீங்கள் கூப்பிட்டீர்கள். கால் கொடுப்பதற்காகக் கூப்பிடும் குரல் அல்ல அது.

"பாண்டி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? மொதல்ல ஒரு வாய் தண்ணி குடி."

இரும்புக் கடையிலிருந்து எங்கள் தெருவில் போன் இருக்கும் வீட்டுக்கு ஒரு அவசரக் கால் கேட்டிருக்கிறார்கள். விஷயத்தைக் கேட்டதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்தபோதே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

சித்தப்பாவை அழைத்துக்கொண்டு ஓடினேன். பஸ் கிருமாம்பாக்கம் வரைதான் போனது. அங்கிருந்து ஒரு மாட்டுவண்டி, பிறகு நடை. பாலத்துக்கு வந்தபோது போலீஸ்காரர்கள் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். ஆறு எங்கே, கரை எங்கே என்று தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் பாலத்தின் வயிற்றை உரசிக்கொண்டு போனது. வேரோடு பிடுங்கிய தென்னைகள் வந்து தூண்களில் மோதும்போதெல்லாம் நாங்கள் நின்ற இடம் அதிர்ந்தது. விழுப்புரம் பக்கம் சுற்றிப் போகலாமா என்று சித்தப்பா விசாரித்தார். அந்தச் சாலையையும் வெள்ளம் அறுத்துவிட்டது என்றார்கள். அக்கரையில் கடலூரின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. அதில் ஒரு விளக்கின் கீழே அப்பா படுத்திருக்கிறார். என்னால் அங்கே போக முடியவில்லை.

நனைந்த புடவையோடு எக்ஸ்சேஞ்சுக்கே திரும்பினேன். ஆற்றைத் தாண்டிப் போக எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்தக் கம்பிதான். சூப்பர்வைசர் அம்மா தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். நீங்கள் அதற்குள் டியூட்டி மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள். மறுநாள் காலை அங்கிருந்து பேசினீர்கள்.

"உங்கப்பாவுக்கு உன் மூக்கு. பாத்ததும் கண்டுபுடிச்சுட்டேன். கண்ணத் தொறந்தாரு. ரெண்டு வாய் கஞ்சி குடுத்தேன், குடிச்சாரு."

"என்னக் கேட்டாராக்கா?"

"ஆத்துல தண்ணி போவுது, வடிஞ்சதும் வந்துரும்னு சொல்லியிருக்கேன். நீ ஒண்ணும் பயப்புடாத. நான் இங்கதான் இருக்கேன்."

என் அப்பாவின் வாயைத் துடைத்து, தலையணையைச் சரி செய்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதுவரை நான் முகம் பார்க்காத ஒருவர். அன்று மத்தியானம் நாம் பேசிக்கொண்டிருந்தபோதே இரைச்சல் அதிகமானது. "பாண்டி, கேக்குதா" என்று ஒருமுறை கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. பாலத்தை ஒட்டி நின்ற கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்று பிறகு சொன்னார்கள். ஹெட்செட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மழை விட்டு, பாலத்தில் ஆட்கள் நடந்து போகலாம் என்று செய்தி வந்த காலையில் நானும் சித்தப்பாவும் மறுபடி போனோம். அப்பாவுக்கு மாற்று வேட்டியும், ஒரு தூக்கில் இட்லியும் எடுத்துப்போனேன். பாலத்தின் மேல் சேறு, கோரைப்புல், செத்த ஆடு ஒன்று. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். நடுப்பாலத்தை நெருங்கும்போது ஒரு தள்ளுவண்டி வருவதைப் பார்த்தேன். இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் வெள்ளைத்துணி மூடியிருந்தது. யாரோ பாவம் என்று ஒதுங்கி நின்றேன் அக்கா. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

வண்டிக்குப் பின்னால் குள்ளமாக, கண்ணாடி போட்ட ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாள். என்னைத் தாண்டும்போது நின்றாள். என் மூக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாண்டி?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் தெரிந்துவிட்டது. அது நீங்கள் என்பதும், வண்டியில் இருப்பது யார் என்பதும்.

நீங்கள் உயரமாக இருப்பீர்கள் என்று நான் நினைத்திருந்தேன். உங்கள் தோளில் முகத்தை வைக்க நான் குனிய வேண்டியிருந்தது. விடியற்காலையில் போய்விட்டார் என்றீர்கள். வண்டிகளை விடாததால், போலீஸ்காரரிடம் கெஞ்சி, உங்கள் அண்ணனும் இரும்புக் கடைக்காரரின் மச்சானும் தள்ள, ஊர் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறீர்கள். சித்தப்பா வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுது ஓய்ந்ததும், "எதனா சொன்னாரா?" என்று உங்களைக் கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"சொன்னாரு. 'எம்பொண்ண அதுக்குப் புடிக்காத எடத்துல தள்ளிடாதீங்க. வேலைய வுடச் சொல்லாதீங்க. அது இஷ்டப்படி இருக்கட்டும்'னு சொன்னாரு."

இரும்புக் கடை மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைத் திறந்து பார்த்தேன்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அவர்கள் மறுபடியும் பேச்செடுத்தபோது, சித்தப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணனின் கடைசி வார்த்தையை மீற மாட்டேன் என்று தெருவே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். நான் வேலையில் இருந்தேன். பிறகும் சில இடங்கள் வந்தன, போயின. சித்தப்பாவும் போன பிறகு கேட்க ஆள் இல்லை. முதலியார்பேட்டை வீட்டை விட்டுக் கருவடிக்குப்பத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சமையல் சத்தம் கேட்கும். யாராவது யாரையாவது சாப்பிடக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். ஆனாலும், என் அப்பா கடைசியில் என்னைப் புரிந்துகொண்டு போனார் என்ற நினைப்பு எனக்குத் துணையாக இருந்தது. பேசாத மனிதர், ஒருமுறை பேசியது எனக்காக என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடங்களில் எனக்கு நீங்களும் பாலமும்தான். லீவு நாளில் பஸ் ஏறி வருவேன். நீங்கள் பாலத்தருகே ஆல்பேட்டை வரை நடந்து வந்து நிற்பீர்கள். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். பாலத்தைத் தாண்டியதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளை முகர்ந்து பார்ப்பார்கள். ஒருதடவை உங்களுக்காக நான் கொண்டுவந்த மீன்குழம்புத் தூக்கைத் திறக்கச் சொன்ன போலீஸ்காரரிடம், "ஏன் சார், மீனு குடிச்சிருக்குமோன்னு பாக்குறீங்களா?" என்று வெளியில் நின்றபடியே கேட்டீர்கள். பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு நாம் பாலத்தில் நடப்போம். கோடையில் ஆற்றில் மணல்தான் இருக்கும், நடுவில் கால் நனைக்கும் அளவுக்கு ஓர் ஓடை. பேசாமலும் நடப்போம். கம்பியில் அவ்வளவு பேசியவர்களுக்கு நேரில் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. நடுவில் நாம் தேவையில்லை என்றானது. என்னைக் கீழே மாற்றினார்கள், உங்களை வேறு வேலையில் உட்கார வைத்தார்கள். அந்த வருடம் தை மாதத்தில் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று நின்றீர்கள். மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நான் கிண்டல் செய்தேன்.

"உங்கப்பா அத சொல்லல" என்றீர்கள்.

எனக்குப் புரியவில்லை.

"இஷ்டப்படி இருக்கட்டும்னு அவரு சொல்லல. நானாதான் சொன்னேன்."

"அப்ப என்ன சொன்னாரு?"

"தேதி குறிச்சிட்டாங்களான்னு கேட்டாரு. தனக்கு எதனா ஆனாலும் நிறுத்தாம கல்யாணத்த முடிச்சிடச் சொன்னாரு."

லாரி ஒன்று பாலத்தை அதிரவைத்துக்கொண்டு போனது. நான் திரும்பி நடந்தேன். நீங்கள் கூப்பிட்டீர்கள். காதில் விழுந்தது. எதிரே வந்த பாண்டிச்சேரி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நீங்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

அந்தத் தையிலிருந்து ஆடி முடியும் வரை உங்களோடு பேசவில்லை. நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். கல்யாணம் நின்றதற்காகக் கோபம் வரவில்லை அக்கா. அந்தக் கல்யாணம் எனக்கு அன்றும் வேண்டியிருக்கவில்லை. அப்பா என்னைப் புரிந்துகொண்டார் என்று நம்பித்தான் அத்தனை வருடம் அந்த அறையில் தனியாகப் படுத்து எழுந்தேன். நீங்கள் கொடுத்ததை நீங்களே திருப்பி எடுத்துக்கொண்டீர்கள். அப்பாவை இரண்டாவது தடவை பறிகொடுத்தது போல இருந்தது.

நடுவில் ஒருநாள் பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் அப்பா எனக்குப் பார்த்திருந்த அந்த இரும்புக் கடை மாப்பிள்ளையைப் பார்த்தேன். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். என்னை அடையாளம் தெரிந்து, அருகில் வந்து, "நல்லா இருக்கீங்களா? அப்பா ரொம்ப நல்ல மனுஷங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாதுவான மனிதர். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படியில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். அந்த வாழ்க்கையை எனக்குப் போட்டுப் பார்த்தேன். அதில் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று மட்டும் கடைசி வரை தெரியவில்லை.

ஆவணி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் படுத்திருந்தீர்கள். பாதி ஆளாகியிருந்தீர்கள். இருதயம் பலவீனமாகிவிட்டது என்று உங்கள் அண்ணி சொன்னார். பாலத்தில் நின்று மூச்சு வாங்கியதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

"சாப்ட்டியா?" என்றீர்கள். கோபத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏங்கா சொன்னீங்க? சொல்லாமலே இருந்துருக்கலாமே."

"எனக்கப்புறம் அத உன்கிட்ட சொல்ல ஆளில்லையே. எல்லாப் பொய்யும் சொமந்துகிட்டுப் போக முடியாதுடி."

"வருத்தமா இருக்கா?"

"பொய் சொன்னதுக்கு இருக்கு. உங்கப்பா பேர்ல சொன்னேனே, அதுக்கு ரொம்ப இருக்கு. கல்யாணம் நின்னதுக்கு இல்ல. என்ன யாரும் கேக்கல. உன்னயும் யாரும் கேக்கல. வேற எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே உங்கள் அண்ணனின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "வேற எதுவுமே சொல்லலியா அவரு?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தீர்கள்.

"ஜன்னல சாத்தச் சொன்னாரு, சாரல் அடிச்சுது. அப்புறம் ரொம்ப நேரம் பேச்சில்ல. விடியறதுக்குக் கொஞ்சம் முந்தி உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. கண்ணு தொறக்கல. 'வந்துட்டியா'ன்னாரு."

நான் இன்னும் அருகே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நீ வரலியே. என்ன பண்றது? 'வந்துட்டேம்பா'ன்னேன். உன் கொரல்லதான் சொன்னேன். தெனம் கேட்ட கொரலாச்சே எனக்கு. எங்கையப் புடிச்சுகிட்டாரு. அப்புறம் வுடல."

அப்பாவும் நானும் வாசலில் என்ன பேசிக்கொள்வோம் என்று உங்களிடம் நான் சொன்னதில்லை அக்கா. எத்தனையோ குறை சொன்னேன், இதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று விட்டிருந்தேன். அதனால் இது நீங்கள் இட்டுக்கட்டியதாக இருக்க முடியாது. உங்கள் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். அப்பா பிடித்திருந்த கை எது என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டையும் பிடித்துக்கொண்டேன். நீங்கள் என் குரலில், "போதும் அழுதது, பஸ்ஸ வுட்டுருவ" என்றீர்கள். நான் பேசுவது போலவேதான் இருந்தது.

அதற்குப் பிறகு நமக்கு இரண்டு மழைக்காலம் கிடைத்தது. ஒவ்வொரு லீவுக்கும் வந்தேன். பாலத்தில் நடக்க முடியவில்லை, அதனால் கட்டிலில் இருந்தபடியே பேசினோம். போன கோடையில் உங்கள் அண்ணன் எண்ணைச் சுழற்றி நேராக எங்கள் ஆபீசுக்குக் கூப்பிட்டார். நடுவில் யாரும் இல்லை. தண்ணீர் குடிக்கச் சொல்ல யாரும் இல்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார், என் கையில் ரிசீவர் ஊதிக்கொண்டே இருந்தது. நான் வந்து சேர்ந்தபோது உங்களை எடுக்க நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டார்கள். உங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அது இல்லாமல் உங்களைப் பார்த்ததே இல்லை. தெருமுனை வரை உங்கள் பின்னால் நடந்தேன். அதற்கு மேல் பெண்கள் வரக் கூடாது என்றார்கள். திரும்பி வரும்போது பாலத்தில் பஸ் போன நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.

உங்களை முழுதாக மன்னித்துவிட்டேனா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. சில நாள் இந்த அறையின் சுவர்களைப் பார்க்கும்போது, அப்பா கேட்டபடியே நடந்திருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வரும். அது வந்துவிட்டுப் போகும். மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது இருக்காது. அதையும் உங்களிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கருவடிக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்துகொண்டே வந்தேன். தெருவில் விளக்கு இல்லை. பூட்டைத் திறந்து, வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே இருட்டு. யாரும் எதுவும் கேட்கவில்லை.

"வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன்.